தாய்லாந்தில் தங்குவோர் வங்கியில் வைக்க வேண்டிய எட்டு லட்சம்: வணிகர்கள் அறிய வேண்டிய விவரங்கள்

கடையைப் பிள்ளைகள் கையில் ஒப்படைத்த நம் வணிக அன்பர்கள் சிலர் சமீப காலமாக ஒரு கேள்வியைக் கேட்டு வருகிறார்கள். பாங்காக்கில் சீலோம் சாலை மாரியம்மன் கோவிலைச் சுற்றி நம்மவர் நடமாட்டம் இருக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்து ரத்தினக்கல் வியாபாரிகள் அங்கே பல காலமாகத் தொழில் செய்கிறார்கள். மகனோ மருமகனோ அங்கே வேலையில் இருக்கிறான். வருடத்தில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிட முடியுமா, அதற்கு எவ்வளவு பணத்தை அங்குள்ள வங்கியில் போட்டு வைக்க வேண்டும், அந்தப் பணம் பத்திரமா என்பதே கேள்வி. காது வழியாகக் கேட்ட அரைகுறைத் தகவலை நம்பிப் பணத்தை அனுப்பிவிட்டுப் பிறகு திண்டாடுவோரும் இருப்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் வயது. 50 வயது நிரம்பியவர்களுக்கே இந்த ஓய்வுக்கால அனுமதி. 'நான் இமிகிரன்ட் ஓ' என்ற வகை விசாவில் முதலில் 90 நாள் தங்க அனுமதி கிடைக்கிறது. அந்த 90 நாள் முடிவதற்குள் குடிநுழைவு அலுவலகத்தில் மனுச் செய்து ஒரு வருடத்துக்கு நீட்டித்துக்கொள்ள வேண்டும். பிறகு வருடா வருடம் இதே நீட்டிப்பு. லைசென்ஸ் புதுப்பிப்பது போலத்தான். ஆனால் நம் ஊர் லைசென்ஸைப் போல அபராதம் கட்டித் தாமதமாகப் புதுப்பிக்கலாம் என்ற பேச்சு இங்கே கிடையாது.

நீட்டிப்புக்குப் பண வசதியைக் காட்ட மூன்று வழிகள் உண்டு. தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாட் இருப்பு வைப்பது ஒன்று. மாதம் 65,000 பாட் வருமானம் காட்டுவது இரண்டாவது. ஆண்டு வருமானமும் வங்கி இருப்பும் சேர்ந்து 8 லட்சம் பாட் வருவது மூன்றாவது. மூன்றாவது வழியை எல்லா அலுவலகங்களும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. இரண்டாவது வழி பென்ஷன் வாங்கும் வெள்ளைக்காரர்களுக்குப் பொருந்தும். முன்பெல்லாம் அவரவர் தூதரகத்தில் வருமானக் கடிதம் வாங்கிக் கொடுத்தால் போதுமாக இருந்தது. 2019 தொடக்கத்தில் பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா தூதரகங்கள் அந்தக் கடிதம் தருவதை நிறுத்திவிட்டன. அதன் பிறகு அந்த நாட்டவர் மாதந்தோறும் வெளிநாட்டிலிருந்து 65,000 பாட் தாய்லாந்து வங்கிக் கணக்கில் வந்து விழுவதைப் பாஸ்புக்கில் காட்ட வேண்டியதாயிற்று. மாதச் சம்பளமோ பென்ஷனோ இல்லாத நம் போன்ற வியாபாரிகளுக்கு முதல் வழியே வழி.

எட்டு லட்சம் என்பது எப்போதெல்லாம் இருக்க வேண்டும்

பலர் இங்கேதான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மனுக் கொடுக்கும் அன்று 8 லட்சம் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அப்படி அல்ல. 2019 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, மனுக் கொடுக்கும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே 8 லட்சம் பாட் கணக்கில் இருக்க வேண்டும். அனுமதி கிடைத்த பிறகும் மூன்று மாதம் அது அப்படியே இருக்க வேண்டும். அதன் பின் வேண்டுமானால் பாதியை எடுக்கலாம். ஆனால் வருடத்தில் எந்த நாளிலும் இருப்பு 4 லட்சத்துக்குக் கீழே போகக்கூடாது. 2019க்கு முன்பு அனுமதி முத்திரை விழுந்த மறுநாளே முழுப் பணத்தையும் எடுத்துவிட முடிந்தது. அந்தக் காலத்தில் போய் வந்த ஒருவர் சொன்ன விவரத்தை வைத்துக்கொண்டு இன்று நடந்தால் அடுத்த வருட நீட்டிப்பு போய்விடும்.

ஒரு கணக்காகவே போட்டுப் பார்ப்போம். ஒருவருடைய அனுமதி நவம்பர் 30ல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசி 30 நாளில் மனுவை வாங்குவார்கள். 45 நாள் முன்பே வாங்கும் அலுவலகங்களும் உண்டு. அவர் நவம்பர் 10ல் மனுக் கொடுக்கிறார். ஆகவே செப்டம்பர் 10க்கு முன்பே 8 லட்சமும் நிறைந்திருக்க வேண்டும். நவம்பர் 10லேயே அனுமதி கிடைத்தால் பிப்ரவரி 10 வரை தொடக்கூடாது. அதன் பிறகு 4 லட்சத்தை எடுத்துச் செலவு செய்யலாம். ஆனால் மறுபடியும் செப்டம்பர் 10க்குள் கணக்கை 8 லட்சமாக நிரப்பியாக வேண்டும். ஆக, வருடத்தில் ஐந்து மாதம் முழு 8 லட்சமும், ஏழு மாதம் 4 லட்சமும் முடங்கும். நமக்குப் பழக்கமான சொல்லில் சொன்னால், 4 லட்சம் பாட் என்பது கம்பெனிக்காரன் ஏஜென்சி கொடுக்கும்போது வாங்கி வைத்துக்கொள்ளும் டெபாசிட். ஏஜென்சி இருக்கும்வரை அது நம் பணம் என்று பேரேட்டில் இருக்கும், கைக்கு வராது. மேற்கொண்டுள்ள 4 லட்சம் சீசனுக்குச் சரக்குப் பிடிக்கப் போடும் முதல் போல வரும், போகும்.

இரண்டு மாதம் என்பதைச் சரியாக அறுபதாவது நாளில் எண்ணிக்கொண்டு போய் நிற்காதீர்கள். ஒரு வாரம், பத்து நாள் கூடுதலாக வைத்துக்கொள்வதே நல்லது. அதேபோல் 8 லட்சம் என்றால் சரியாக 8,00,000 போட்டு நிறுத்துவதும் ஆபத்து. ஏ.டி.எம். கார்டுக்கு வருடக் கட்டணம் என்று 200, 300 பாட் வங்கியே எடுத்துக்கொள்ளும். இருப்பு 7,99,800 ஆகிவிடும். 200 பாட் குறைந்ததற்காக இவ்வளவு கண்டிப்பா என்று கேட்கலாம். எடைக்கல்லில் ஐந்து கிராம் குறைந்தால் முத்திரை ஆய்வாளர் நம்மிடம் என்ன சொல்கிறார்? அதேதான். இந்தப் பணத்துக்கென்று தனிக் கணக்கு ஒன்று தொடங்கி, கார்டு வாங்காமல், பத்து இருபதாயிரம் பாட் கூடுதலாகப் போட்டு வைத்து, வீட்டுச் செலவுக்கு வேறொரு கணக்கு வைத்துக்கொள்பவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள்.

மனுக் கொடுக்கப் போகும் அன்று வங்கியில் இருப்புச் சான்றுக் கடிதம் வாங்க வேண்டும். பாஸ்புக்கிலும் அன்றைய தேதியில் ஒரு வரி பதிந்திருக்க வேண்டும். அதற்காகக் காலையில் வங்கிக்குப் போய் 100 பாட் போட்டு அல்லது எடுத்துப் பாஸ்புக்கைப் பதிந்துகொண்டு அப்படியே அலுவலகம் போகிறார்கள். கடந்த 12 மாதப் பற்று வரவு அறிக்கையும் கேட்பார்கள். முந்தைய வருடத்தில் மூன்று மாத விதியும் 4 லட்ச விதியும் மீறப்படவில்லை என்று பார்ப்பது அதில்தான். சில அலுவலகங்களில் அனுமதி கொடுத்து மூன்று மாதம் கழித்துப் பாஸ்புக்கைக் கொண்டுவந்து காட்டச் சொல்லும் வழக்கமும் உண்டு. மனுப் படிவத்துக்கு டி.எம். 7 என்று பெயர். கட்டணம் 1,900 பாட். அவ்வளவுதான் அரசாங்கச் செலவு.

முதல் வருடத்தின் நெருக்கடி

முதல் வருடத்தில்தான் கை பிசைய வேண்டியிருக்கிறது. கையில் இருப்பது 90 நாள். மனுவுக்கு இரண்டு மாதம் முன்பே பணம் சேர்ந்திருக்க வேண்டும். அப்படியானால் போய் இறங்கிய முதல் முப்பது நாளுக்குள் வீடு பார்த்து, வங்கிக் கணக்குத் தொடங்கி, இங்கிருந்து பணமும் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வங்கிக் கணக்குத் தொடங்குவது இப்போது முன்போல எளிதாக இல்லை. மோசடிக்காரர்கள் பிறர் பெயரிலுள்ள கணக்குகளை வாடகைக்கு எடுத்துப் பணத்தைச் சுழற்றுவது பெருகியதால் அங்கே கெடுபிடி அதிகம். அத்தகைய கணக்கை அவர்கள் 'குதிரைக் கணக்கு' என்று சொல்கிறார்கள். 2025 செப்டம்பரில் இந்த வேட்டையில் சிறு கடைக்காரர்கள் பலரின் கணக்குகளும் சேர்ந்து முடங்கின. யாரோ ஒரு வாடிக்கையாளர் அனுப்பிய தொகை மோசடிப் பணமாக இருந்தால் கடைக்காரர் கணக்கும் மாட்டியது. பயந்துபோய் ரொக்கம் மட்டும் வாங்குவோம் என்று போர்டு வைத்த கடைகளும் உண்டு. இங்கே ஸ்கேன் செய்து பணம் வாங்கும் நாமும் யோசிக்க வேண்டிய விஷயம் அது. அதைப் பற்றித் தனியே எழுதலாம்.

இதிலிருந்து தெரிவது, விசாவுக்கான கணக்கில் வேறு எந்தக் கொடுக்கல் வாங்கலும் கூடாது என்பது. "அண்ணாச்சி, என் பணம் ஒரு லட்சம் பாட் வருகிறது, உங்கள் கணக்கில் வாங்கி எடுத்துக் கொடுங்கள்" என்று நண்பர் கேட்டால் முகத்துக்காகச் சரி என்று சொல்லிவிடக் கூடாது. கணக்கு முடங்கினால் நண்பர் வந்து விசா வாங்கிக் கொடுக்கமாட்டார்.

பணத்தை இங்கிருந்து அனுப்பும் முறை

8 லட்சம் பாட் நம் பணத்தில் எவ்வளவு? மாற்று விகிதம் ஏறி இறங்குவது. ஒரு பாட் 2 ரூபாய் 50 காசு என்றால் 20 லட்சம். 2 ரூபாய் 80 காசு என்றால் 22 லட்சத்து 40 ஆயிரம். இதை உண்டியலில் அனுப்பலாமா என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒரே பதில்: கூடாது. அந்நியச் செலாவணிச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்த பணம் என்று காட்டக் காகிதம் எதுவும் இராது. முதல் தடவை அந்தக் காகிதத்தைக் கேட்பார்கள். பின்னொரு நாள் பணத்தைத் திரும்ப இந்தியா கொண்டுவரும்போதும் அதுதான் சாட்சி.

இந்தியாவில் வசிப்பவர் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டம் இடம் தருகிறது. நம் தொகை அந்த வரம்புக்குள் அடங்கும். ஆனால் வருமான வரிப் பிடித்தம் ஒன்று உண்டு. கல்வி, மருத்துவம் அல்லாத காரணத்துக்கு ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பினால், மேற்பட்ட தொகைக்கு 20 சதவீதம் வங்கி பிடித்துக்கொள்ளும். 7 லட்சமாக இருந்த வரம்பு 2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்சமாயிற்று. 22 லட்சத்து 40 ஆயிரத்தை ஒரே தவணையில் அனுப்பினால் 12 லட்சத்து 40 ஆயிரத்துக்குப் பிடித்தம். அதாவது 2 லட்சத்து 48 ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கையில் வைத்திருக்க வேண்டும். இது தனி வரி அல்ல. வருடக் கணக்குத் தாக்கல் செய்யும்போது நம் வரியில் கழித்துக்கொள்ளலாம், மீதியைத் திரும்பப் பெறலாம். என்றாலும் அதுவரை முதல் முடங்கும்.

இதே தொகையில் 10 லட்சத்தை மார்ச் மாதத்திலும் மீதியை ஏப்ரலிலும் அனுப்பினால் இரண்டு நிதியாண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஏப்ரலில் போகும் 12 லட்சத்து 40 ஆயிரத்தில் 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மட்டும் 48,000 ரூபாய் பிடித்தம். இது சட்டத்துக்கு உட்பட்டதே. அந்தந்த நிதியாண்டில் வேறு காரணத்துக்கு அனுப்பிய தொகை இருந்தால் அதுவும் 10 லட்சத்தில் சேரும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. மேலும், இரண்டு மாதக் கெடு முழு 8 லட்சம் பாட் நிறைந்த நாளிலிருந்துதான் தொடங்கும். ஆகவே இப்படிப் பிரித்து அனுப்ப நினைப்பவர் மார்ச் நடுவில் போய் இறங்குவதுபோலப் பயணத்தை அமைத்துக்கொள்ள வேண்டும்.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பலர் இதைக் கவனிப்பதில்லை. இந்தியாவில் வசிப்பவர் என்ற நிலையில் இத்திட்டத்தில் அனுப்பிய பணத்தை முதலீடு எதிலும் போடாமல் சும்மா வைத்திருந்தால் 180 நாளுக்குள் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்ற விதி 2022 ஆகஸ்டிலிருந்து இருக்கிறது. வருடம் முழுதும் வங்கியில் கிடக்க வேண்டிய பணத்துக்கும் இதற்கும் எப்படி ஒத்துவரும்? காலவரையறை இல்லாமல் அங்கேயே தங்கப் போகிறவர் அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி வெளிநாட்டில் வசிப்பவர் ஆகிறார். அவர் இங்குள்ள சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு அந்தக் கணக்கிலிருந்து நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை அனுப்ப வேறு வழி இருக்கிறது. வருடத்தில் சில மாதம் மட்டும் போய் வருகிறவரின் நிலை வேறு. தாம் எந்த வகை என்பதைப் பணம் அனுப்புமுன் ஆடிட்டரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இந்தியாவில் வசிப்பவராகவே வரி கட்டுபவர் இந்த வெளிநாட்டு வங்கிக் கணக்கை வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும். நம் சிறு வணிகர்களில் பலர் விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று அனுமான முறையில் 'சுகம்' என்ற நாலாம் எண் படிவத்தைத் தாக்கல் செய்கிறோம். வெளிநாட்டில் கணக்கு வைத்திருப்பவர் அந்தப் படிவத்தைப் பயன்படுத்த முடியாது. காட்டாமல் விட்டால் 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். வீடு, நிலம் நீங்கலாக மொத்தம் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சொத்துக்கு அந்த அபராதம் இல்லை என்று 2024 அக்டோபர் 1 முதல் தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் பாட் இரண்டரை ரூபாய்க்கு மேல் போனாலே நம் 8 லட்சம் பாட் 20 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. காட்டிவிட்டால் எந்தத் தொல்லையும் இல்லை.

தாய்லாந்துப் பக்கத்து வரியையும் சொல்லிவிடுகிறோம். ஒரு வருடத்தில் 180 நாள் அல்லது அதற்கு மேல் அங்கே இருப்பவர், வெளிநாட்டில் சம்பாதித்து அந்நாட்டுக்குள் கொண்டுவரும் வருமானத்துக்கு 2024 ஜனவரி 1 முதல் அங்கே வரிக் கணக்கில் வருகிறார். அந்தத் தேதிக்கு முன்பே சேர்ந்த சேமிப்புக்கு இது பொருந்தாது. ஆகவே 2023 டிசம்பர் 31 அன்று இங்குள்ள வங்கியில் எவ்வளவு இருந்தது என்ற அறிக்கையை வாங்கிக் கோப்பில் வைத்திருங்கள். இரு நாட்டுக்கும் இடையே இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தமும் இருக்கிறது.

வட்டியும் பத்திரமும்

"அண்ணாச்சி, எட்டு லட்சத்துக்கு என்ன வட்டி தருவான்?" என்பது எல்லோரும் கேட்கும் அடுத்த கேள்வி. சாதாரண சேமிப்புக் கணக்கில் வருடத்துக்கு ஒரு சதவீதம்கூடக் கிடைக்காது. நிரந்தர வைப்பில் சற்றுக் கூடும். அந்த வட்டியில் 15 சதவீதம் வரி பிடிப்பார்கள். சேமிப்புக் கணக்கு வட்டி வருடம் 20,000 பாட் வரை வரியில்லை. நிரந்தர வைப்பையும் விசாவுக்கு ஏற்கிறார்கள், ஆனால் முதிர்வுத் தேதிக்கு முன் எடுக்க முடியாத வகையாக இருந்தால் அதிகாரி கேள்வி கேட்கலாம். 20 லட்சம் ரூபாய் நம் பஜாரில் ரூபாய் வட்டிக்குப் போனால் மாதம் 20,000. அதை விட்டுக்கொடுப்பதுதான் இந்த விசாவின் உண்மையான விலை. அரசாங்கக் கட்டணம் 1,900 பாட் மட்டுமே என்று சந்தோஷப்படுகிறவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கட்டும்.

வங்கி திவாலானால்? அங்கே வைப்புப் பாதுகாப்பு முகமை இருக்கிறது. ஒருவருக்கு ஒரு வங்கியில் 10 லட்சம் பாட் வரை 2021 ஆகஸ்ட் 11 முதல் பாதுகாப்பு. நம் 8 லட்சம் அதற்குள் அடங்குகிறது.

ஏஜென்டுகள் சிலர், பணமே வேண்டாம், நாங்களே உங்கள் பெயரில் சில நாள் 8 லட்சம் போட்டுக் காட்டி அனுமதி வாங்கித் தருகிறோம், எங்களுக்கு இவ்வளவு கமிஷன் என்று சொல்வார்கள். இது செல்லாத சரக்கு. அடுத்த வருடம் 12 மாத அறிக்கை கேட்டால் காட்ட ஒன்றும் இராது. மறுபடியும் அவரிடமே போக வேண்டும், அவர் கேட்டதைக் கொடுக்க வேண்டும். ஏஜென்ட் பிடிபட்டால் பாஸ்போர்ட்டில் பெயர் உள்ளவரும் பதில் சொல்ல வேண்டும். படிவம் நிரப்ப, வரிசையில் நிற்க, மொழிபெயர்க்க ஆள் வைத்துக்கொள்வது வேறு, அதில் தவறில்லை.

மனைவிக்கு, வாரிசுக்கு

தம்பதியாகப் போகிறவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. கணவர் 8 லட்சம் வைத்து நீட்டிப்பு வாங்கினால், திருமணச் சான்றிதழைக் காட்டி மனைவி அவரைச் சார்ந்தவர் என்ற முறையில் தங்கலாம். அவருக்குத் தனி டெபாசிட் வேண்டாம். 50 வயது ஆகியிருக்கவும் வேண்டாம். நம்மில் பலருக்குத் திருமணம் பதிவு ஆகியிருக்காது. கல்யாணப் பத்திரிகை செல்லாது. இங்கேயே பதிவு செய்து, சான்றொப்பம் வாங்கி எடுத்துச் செல்ல வேண்டும்.

ஆனால் இந்தச் சலுகைக்குள் ஒரு பள்ளம் இருக்கிறது. விசாவுக்கான கணக்கு மனுதாரர் ஒருவர் பெயரில் மட்டுமே இருக்க வேண்டும். கூட்டுக் கணக்கு ஓய்வுக்கால நீட்டிப்புக்கு எடுபடாது. கணவர் காலமானால் வங்கி அந்தக் கணக்கை முடக்கிவிடும். மனைவியாகவே இருந்தாலும் அங்குள்ள நீதிமன்றம் சொத்தை நிர்வகிக்க ஒருவரை நியமித்து உத்தரவு தந்த பிறகே பணம் வெளியே வரும். அதே சமயம் கணவரைச் சார்ந்து கிடைத்த மனைவியின் அனுமதியும் ஆதாரமில்லாமல் போகிறது. நமக்குத் தெரிந்த ஒரு மளிகை வியாபாரியின் குடும்பத்தில் இப்படித்தான் ஆயிற்று. அவர் அங்கே மாரடைப்பில் போய்விட்டார். ஆஸ்பத்திரிக் கட்டணம் கட்ட வேண்டும். வங்கியில் எட்டேகால் லட்சம் பாட் இருக்கிறது. அந்த அம்மாளால் நூறு பாட் எடுக்க முடியவில்லை. மகன் இங்கே கடைச் சரக்கை அவசரமாக விற்றுப் பணம் அனுப்பினான். கோர்ட்டு, வக்கீல், மொழிபெயர்ப்பு என்று அலைந்து அந்தப் பணம் கைக்கு வரப் பதினான்கு மாதம் ஆயிற்று. கார்டும் ரகசிய எண்ணும் தெரிந்திருந்தால் எடுத்திருக்கலாமே என்று அப்போது சிலர் சொன்னார்கள். இறந்தவர் கணக்கில் அப்படி எடுப்பது சட்டப்படி தவறு. பிறகு மற்ற வாரிசுகள் கேட்டாலும் பதில் சொல்ல முடியாது.

ஆகவே அங்குள்ள சொத்துக்கென்று தனியே ஓர் உயில் எழுதி வைக்க வேண்டும். தாய்லாந்துச் சட்டப்படி இரண்டு சாட்சிகள் முன்னிலையில் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்ட உயில் செல்லும். முழுவதும் தம் கையாலேயே எழுதித் தேதியும் கையெழுத்தும் இட்ட உயிலுக்குச் சாட்சிகூட வேண்டாம். அதில் நிர்வாகி யார் என்று பெயர் குறித்துவிட்டால் நீதிமன்ற வேலை சுருங்கும். உயிலின் பயனைப் பெறுகிறவரோ அவர் கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போடக்கூடாது. மேலும், மனைவி பெயரிலும் ஒரு சிறு வங்கிக் கணக்கு அங்கே இருக்க வேண்டும். இரண்டு மூன்று மாதச் செலவுக்கும் ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கும் ஆகிற அளவு பணம் அதில் இருந்தால் போதும். 8 லட்சம் புரட்ட முடிந்த குடும்பத்துக்கு இது ஒரு பெரிய காரியம் அல்ல.

கடையில் உட்காரலாமா

வியாபாரிக்குக் கை சும்மா இருக்காது. மகனின் கடையிலோ நண்பரின் ஓட்டலிலோ கல்லாவில் சற்று நேரம் உட்காரலாம் என்று தோன்றும். ஓய்வுக்கால அனுமதியில் இருப்பவர் எந்த வேலையும் செய்யக்கூடாது. சம்பளம் வாங்கவில்லை என்பது ஒரு சமாதானம் ஆகாது. வேலை அனுமதி இல்லாமல் வேலை செய்தால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதமும், நாட்டைவிட்டு வெளியேற்றமும் உண்டு. சொந்தமாகச் சிறு கடை போடலாமா என்றால், 1999ஆம் ஆண்டு அந்நியர் வணிகச் சட்டப்படி சில்லறை வியாபாரம் அந்நியருக்குத் தடைசெய்யப்பட்ட பட்டியலில் இருக்கிறது. மொத்தக் குறைந்தபட்ச முதல் 10 கோடி பாட் உள்ள பெரிய நிறுவனம்தான் தனி அனுமதி இல்லாமல் இறங்கலாம். நம் ஊரில் வெளிநாட்டுச் சில்லறை முதலீடு வேண்டாம் என்று எத்தனை தரம் கடையடைப்பு நடத்தினோம்! அங்குள்ள சிறு வணிகனுக்கு அவன் அரசாங்கம் சட்டத்திலேயே வேலி போட்டு வைத்திருக்கிறது. வேலிக்கு வெளியே நிற்பவர்களாக நாம் போகும்போது அது கசக்கத்தான் செய்யும்.

கவனிக்க வேண்டிய சில்லறை விஷயங்கள் சில மிச்சம் இருக்கின்றன. தொடர்ந்து 90 நாள் தங்கினால் முகவரியை அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். கட்டணம் இல்லை, தாமதித்தால் 2,000 பாட் அபராதம். குடிவைத்த வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் உங்கள் வருகையைப் பதிவு செய்ய வேண்டும். அவர் செய்யாமல் விட்டால் நீட்டிப்பு நேரத்தில் உங்களைத்தான் நிறுத்தி வைப்பார்கள். அனுமதி முடிந்தும் தங்கினால் நாளொன்றுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000 பாட். 'ஓ-ஏ' என்ற வகை விசாவில் போகிறவர்களுக்கு 2019 அக்டோபர் 31 முதல் மருத்துவக் காப்பீடு கட்டாயம். வெறும் 'ஓ' வகைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதற்காகக் காப்பீடு இல்லாமல் போவதை நாம் சொல்லமாட்டோம். மேலே சொன்ன குடும்பத்தின் ஆஸ்பத்திரி பில் நமக்கு நினைவிருக்கிறது. பத்து வருடம்வரை தங்கத்தக்க 'ஓ-எக்ஸ்' என்ற வகையையும் சில ஏஜென்டுகள் சொல்வார்கள்; அது 14 நாட்டவருக்கு மட்டும் உரியது, இந்தியா அதில் இல்லை.

பொங்கலுக்கோ, வீட்டுக் கல்யாணத்துக்கோ ஊருக்கு வருகிறவர்கள் புறப்படுமுன் மறுநுழைவு அனுமதி வாங்க வேண்டும். ஒரு தடவைக்கு 1,000 பாட், வருடத்தில் எத்தனை தடவை வேண்டுமானாலும் போய்வர 3,800 பாட். இதை வாங்காமல் விமானம் ஏறினால், வங்கியில் 8 லட்சம் இருந்தாலும் அந்த வருட அனுமதி அந்த நிமிஷமே ரத்து. மறுபடியும் 90 நாள் விசாவிலிருந்து தொடங்க வேண்டியதுதான். சுவர்ணபூமி விமான நிலையத்திலேயே புறப்படும் இடத்தில் இதை வாங்கிக்கொள்ள வசதி உண்டு. பாஸ்போர்ட், புகைப்படம், ரொக்கம் மூன்றையும் கைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள்.